கார்மடி கல்லறைக்கு ஒரு கட்டுப் புல்

ஜூன் 6

எங்கள் குடும்பக் கல்லறையைக் கல்லறைக் கமிட்டி எங்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டது. நடந்த அநியாயம் இதுதான். முதலில் இதை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுவேன்.

காலையில் தண்ணீர் பிடித்து டிரம்மை நிரப்பிவிட்டு, மழைக்கு முன் முள்செடி எடுக்கலாம் என்று கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். எங்கள் கல்லறையைச் சுற்றி இரும்புக் கம்பி நட்டுச் சங்கிலி போட்டிருக்கிறார்கள். தலைமாட்டில் புதுப் பலகை. ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது: டேனியல் கார்மடி, குதிரைப்படைச் சிப்பாய், இறப்பு 1884, வாரிசு இல்லை, பாதுகாக்கப்பட்ட கல்லறை. வாரிசு எதிரில் நின்று அதைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

டேனியல் கார்மடி என் தாத்தாவின் அப்பா. அயர்லாந்திலிருந்து பெங்களூர் கண்டோன்மென்டுக்கு வந்த வெள்ளைக்காரக் குதிரைவீரர். ஆரோக்கியம் என்ற தமிழ்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டார். அவர்களுக்குப் பிறந்தவர் என் தாத்தா. தகப்பன் பெயரையே பிள்ளைக்கும் வைத்தார்கள். தாத்தா, அப்பா, நான், என் மகள், எல்லோருக்கும் பெயருக்குப் பின்னால் கார்மடி உண்டு. என் பெயர் லாசர் கார்மடி. எழுபத்தாறு வயதில் இதை நிரூபிக்கச் சொல்கிறார்கள்.

சொன்னவன் இன்னாசிராஜ். கமிட்டிச் செயலாளர். கார்ப்பரேஷனில் இருந்து ரிட்டையர் ஆனவன். கல்லறைப் புத்தகத்தில் எங்கள் அப்பா பெயரைச் சிவப்பு மையால் அடித்திருந்தான்.

"அண்ணா, பேரு இருந்தா போதுமா? எங்க தெருவுல விக்டோரியான்னு ஒரு பொண்ணு கீது. அதுக்கு இன்னா, அரமனைய எழுதித் தர்றதா?"

ஆபீஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"குடும்பக் கல்லறைய தொறக்கணும்னா ரத்த வாரிசுன்னு ஆதாரம் வேணும். எடம் இல்லாம ஜனங்க அல்லாடுது. உங்க ஊட்டு ஆளு யாராச்சும் அதுல அடக்கம் ஆகிக்கிறாங்களா, அதையாச்சும் சொல்லுங்க."

தாத்தா கோலார் தங்கவயலில் அடக்கமானார். அப்பா ஜோலார்பேட்டையில். 

"ஆதாரம்தானே? கொண்டாறேன்" என்றேன்.

"கொண்டாங்க. அப்புறம் அந்தப் புல்லு சமாச்சாரம். வருசா வருசம் அருகம்புல்லு வெச்சிட்டுப் போறீங்களே, இது இன்னா புள்ளையார் கோயிலா?"

கல்லறைத் திருநாளன்று எல்லோரும் மெழுகுவத்தியும் சாமந்தியும் வைப்பார்கள். எங்கள் வீட்டில் கூடவே ஒரு கட்டு அருகம்புல்லும் வைப்போம். வேரோடு பிடுங்கி, மண் போக அலசி, வாழைநாரால் கட்டி வைக்க வேண்டும். அது கார்மடியின் குதிரைக்கு. அப்பா அப்படித்தான் சொன்னார். இன்னாசிராஜுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

என் மனைவி சிசிலிக்கு இன்று ஆஸ்பத்திரி நாள். மகள் ஜெசிந்தா கூட்டிப்போய்க் கூட்டி வந்தாள். சோர்ந்து படுத்திருக்கிறாள். வெயில்.

ஜூன் 10

சிசிலிக்குச் சிறுநீரகத்தில் கொஞ்சம் கோளாறு. வாரத்தில் இரண்டு நாள் மெஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். இப்படியே வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் விசாரித்துவிட்டேன்.

சங்கிலி போட்ட கதையை அவளிடம் சொன்னேன். சிரித்தாள்.

"இன்னாங்க, பஸ்ஸுல துண்டு போட்டு சீட்டு புடிக்கிற மாதிரி எனக்கு இப்பவே எடம் புடிக்கிறீங்களா?"

"உனக்குன்னு யார் சொன்னது? எனக்குத்தான்."

"உங்களுக்கு இன்னா அவசரம்? எனக்குத்தான் முன்னாடி ஸ்டாப்பு."

உப்புச் சேர்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உப்பில்லாமல் ரசம் வைத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "இதக் குடிக்கிறதுக்கு சங்கிலிக்குள்ளயே போயிடலாம்" என்றாள். பிறகு, "கால்மாட்டுல முள்ளு எடுத்தீங்களா?" என்று கேட்டாள்.

எடுக்க விடவில்லை என்றேன்.

ஜூன் 21

பங்கு ஆபீஸில் இன்றுதான் அடக்கப் புத்தகத்தைக் கண்ணில் காட்டினார்கள். 1884, செப்டம்பர். டேனியல் கார்மடி, சிப்பாய், வயது முப்பத்தொன்று, காய்ச்சல், சாகும் முன் அவஸ்தைப்பூசுதல் பெற்றார். அவ்வளவுதான். ஒரு மனிதன் ஒரே வரியில் முடிந்துவிட்டான். மனைவி பெயர் இல்லை. பிள்ளை பெயர் இல்லை. அந்தப் பக்கம் முழுக்கக் காய்ச்சல், காய்ச்சல் என்றே இருக்கிறது. எழுதிய சாமியாருக்குக் கை வலித்திருக்கும்.

என் தாத்தாவின் ஞானஸ்நானத்தைத் தேடினேன். அந்தக் காலத்தில் பட்டாளத்துக்குத் தனிச் சாமியார் இருந்தாராம். அவருடைய புத்தகங்கள் சென்னையில் ஒரு குருமடத்துக்குப் போய்விட்டன என்று கிளார்க் சொன்னான். போகட்டும். சென்னை என்ன, நிலாவிலா இருக்கிறது?

ஜூலை 3

பழைய சிப்பாய்களின் பதிவுகளைத் தேடித் தரும் ஒரு அம்மையார் இங்கிலாந்தில் இருக்கிறார் என்று தெரிந்து, அவருக்கு ஈமெயில் எழுதினேன். மிஸஸ் ஹாலோவே என்று பெயர். நான் எட்டாவது வரை படித்தவன். மிச்ச ஆங்கிலம் டிக்‌ஷனரியும், பேக்டரியில் மெஷினோடு வந்த கையேடுகளும் கற்றுக்கொடுத்தவை. என் போனை வாங்கிப் பார்த்த ஜெசிந்தா, "ப்பா, 'ஐ டிமாண்ட்'னு எழுதிக்கிறீங்க. ரிக்வெஸ்ட்னு மாத்துங்க. அவங்க இன்னா உங்க சூப்பர்வைசரா?" என்றாள்.

மாற்றவில்லை. நியாயமானதைக் கேட்கும்போது எதற்குக் கெஞ்ச வேண்டும்?

சிசிலியின் கால் வீங்கியிருக்கிறது. தண்ணீர் குறைத்துத்தான் கொடுக்க வேண்டும். ஐஸ் கட்டி ஒன்றை வாயில் போட்டு அடக்கிக்கொண்டு ஜெபமாலை சொல்கிறாள்.

ஜூலை 19

மிஸஸ் ஹாலோவே பதில் எழுதிவிட்டார். என் டிமாண்டுக்கு அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சம்பளப் பட்டியல், ஆஸ்பத்திரிக் குறிப்பு, தண்டனைக் குறிப்பு என்று எங்கெங்கோ சிதறிக் கிடந்ததை எடுத்து வரிசையாக அனுப்பியிருக்கிறார். டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு பகல் முழுக்கப் படித்தேன்.

லிமெரிக் பக்கத்துக் கூலிக்காரர். பதினெட்டு வயதில் பட்டாளத்தில் சேர்ந்தார். பழுப்பு முடி, இடது புருவத்தில் தழும்பு. சேர்ந்த அன்று கையெழுத்துப் போடத் தெரியாமல் சிலுவைக் குறி போட்டிருக்கிறார். அப்பா பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. அம்மா பெயருக்கு எதிரே, இருக்குமிடம் தெரியாது.

கப்பலேறி இந்தியா வந்தார். காவலில் குடித்துவிட்டு இருந்ததற்காகத் தண்டனை. நன்னடத்தைப் பட்டை ஒன்று கொடுத்தார்கள், பறித்தார்கள், மறுபடி கொடுத்தார்கள். குதிரை உதைத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒரு சண்டைக்கும் போகவில்லை. ஒரு பதவியும் ஏறவில்லை. சேர்ந்தபோதும் சிப்பாய், செத்தபோதும் சிப்பாய். ஆனால் 1880இல் பட்டாளப் பள்ளிக்கூடத்தில் ஆரம்ப வகுப்புப் பரீட்சையில் தேறியிருக்கிறார். இருபத்தேழு வயதில் எழுதக் கற்றுக்கொண்டவர்.

நானும் பேக்டரியில் லேத் மெஷின் முன் நின்றுகொண்டுதான் கற்றுக்கொண்டேன். ரத்தம் எங்கே போகும்?

இறந்த சிப்பாயின் சொந்தச் சாமான்களை அந்த வாரமே படைவீட்டில் ஏலம் விட்டுவிடுவார்களாம். கார்மடியின் சாமான்கள்: சவரக்கத்தி, இரண்டு பிரஷ், ஒரு ஜெபமாலை, இரண்டு சட்டை, ஒரு சிலேட்டு. சிலேட்டை யாரும் எடுக்கவில்லை என்று குறித்திருக்கிறார்கள்.

கடைசியில் மிஸஸ் ஹாலோவே ஒரு வரி சேர்த்திருந்தார். படையின் திருமணப் பட்டியலில் அவர் பெயர் இல்லையாம். அனுமதி இல்லாமல் செய்துகொண்ட கல்யாணம் பட்டியலில் எப்படி வரும்? பதில் எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 6

சிசிலிக்கு வாரத்தில் மூன்று நாளாக்கிவிட்டார்கள். போக்குவரத்துதான் சிரமம். மற்றபடி ஒன்றும் இல்லை.

கார்மடியைப் பற்றி அவளுக்குப் படித்துக் காட்டினேன். சிலேட்டு வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாள். "பாவம், எத எழுதிப் பாத்துக்கினு இருந்தாரோ" என்றாள்.

ஆகஸ்ட் 22

சென்னை போய் வந்தேன். புத்தகம் இருக்கிறது. கையெழுத்து தெளிவாக இல்லை.

ஆகஸ்ட் 23

நேற்று நான் இல்லாதபோது சிசிலிக்கு மூச்சுத் திணறி ஆட்டோவில் அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். குருமடத்தில் போனை வெளியே பெட்டியில் வைக்கச் சொல்லிவிட்டார்கள். அதை நான் ஜெசிந்தாவுக்கு விளக்கிச் சொன்னேன்.

"அம்மா உங்க பேரத்தான் கேட்டுக்கினு இருந்தாங்க. நீங்க செத்துப்போன வெள்ளைக்காரனத் தேடிக்கினு இருந்தீங்க. அவன் எங்கயும் போவமாட்டான்ப்பா."

கத்தட்டும். அவளுக்குத் தூக்கம் இல்லை. சிசிலி இன்று வீட்டுக்கு வந்துவிட்டாள். கஞ்சி குடித்தாள்.

ஆகஸ்ட் 28

கொசுவலையைத் துவைத்தேன். கிழிசலைத் தைத்தேன். கேஸ் வந்தது. ஆதாரம் கிடைத்ததா என்று இன்னாசிராஜ் கடைத்தெருவில் வைத்துக் கேட்டான். அவசரமாகப் போவதாகச் சொல்லி நடந்துவிட்டேன். எனக்கு அவசரம் எதுவும் இல்லை.

செப்டம்பர் 3

சென்னையில் நடந்ததை எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் இந்த நோட்டு எதற்கு?

கையெழுத்து நன்றாகவே தெளிவாக இருந்தது. குருமடத்தில் புத்தகங்களைப் பார்த்துக்கொள்கிற ஃபாதர் மரியநாதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு லத்தீனை விரலால் தொட்டுத் தொட்டுத் தமிழில் சொன்னார். 1882. குழந்தை டேனியல். தாய் ஆரோக்கியம். தகப்பன் சவரிமுத்து, படையில் புல் வெட்டுகிறவன். ஞானத்தகப்பன் டேனியல் கார்மடி, சிப்பாய்.

"மறுபடி பாருங்க ஃபாதர்."

பார்த்தார். "ஐயா, உங்க தாத்தாவைப் பெத்தவர் சவரிமுத்து. இந்த வெள்ளைக்காரர் ஞானஸ்நானத் தொட்டிகிட்ட பிள்ளையை ஏந்தினவர். பேரையும் குடுத்திருக்கார்."

"தப்பா எழுதியிருக்கலாம்ல?"

"ரெண்டு பேரும் கீழ போட்டிருக்காங்களே."

போட்டிருந்தார்கள். சவரிமுத்துவுக்கு ஒரு சிலுவைக் குறி. பக்கத்தில் கார்மடியின் கையெழுத்து, எழுத்து எழுத்தாக, ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்க, பேனாவை அழுத்திப் போட்டது. பட்டாளத்தில் சேர்ந்தபோது சிலுவை போட்டவர் இங்கே முழுப் பெயரையும் எழுதியிருக்கிறார்.

அப்பா ரயில்வேயில் சேர்ந்தபோது பெயரின் வாலைப் பார்த்து வெள்ளைக்கார வம்சம் என்று எழுதிக்கொண்டார்களாம். அப்பா மறுக்கவில்லை. ரயில்வே காலனிக் குழாயில் எங்கள் குடத்தை யாரும் தள்ளி வைக்கவில்லை. புல் வெட்டுகிறவர்களைக் கண்டோன்மென்டில் எந்தத் தெருவில் குடிவைத்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்தத் தெருவின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் உச்சரித்ததில்லை. தாத்தா சொன்னதில் அப்பா எதை எடுத்துக்கொண்டார், எதை விட்டார் என்பது இனித் தெரியப்போவதில்லை.

ஃபாதர் அந்தப் பக்கத்தை நகல் எடுத்து முத்திரை போட்டுக் கொடுத்தார். பையில் இருக்கிறது. இதுவரை யாரிடமும் காட்டவில்லை.

செப்டம்பர் 9

மிஸஸ் ஹாலோவேயிடம், குதிரைப்படையில் புல் வெட்டுகிறவனுக்கு என்ன வேலை என்று மட்டும் கேட்டிருந்தேன். படையின் அச்சடித்த கட்டளைப் புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தை அனுப்பினார். ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு புல் வெட்டுகிறவன் உண்டு. புல்லை வேரோடு தோண்டி எடுக்க வேண்டும். மண் போக அலசிக் கட்டாகக் கட்டிக் கொண்டுவர வேண்டும். வேரில் மண் இருந்தால் கட்டு ஏற்கப்படாது.

சின்ன வயதில் ஒரு கல்லறைத் திருநாளன்று நான் அலசிய புல்லில் மண் ஒட்டியிருந்தது. அப்பா என் கையிலிருந்து அதைத் தட்டிவிட்டார். "இது செல்லாது" என்றார். யாரிடம் செல்லாது என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

சவரிமுத்து, தான் உயிரோடு இருந்தவரை, செத்துப்போன குதிரைவீரனுக்குத் தன் வேலையைச் செய்து கொண்டுபோய் வைத்திருக்கிறார். வேறு எதைக் கொண்டுபோவார்? கார்மடிக்கு அழ இந்த ஊரில் ஓர் ஆள் இல்லை. அடுத்து பிள்ளை வைத்தார், பிள்ளையின் பிள்ளை வைத்தார், நான் வைத்தேன். குதிரைக்கு என்று சொல்லிக்கொண்டே வைத்தோம்.

கொல்லைக்குப் போய் முகம் கழுவினேன்.

செப்டம்பர் 10

சிசிலியிடம் சொன்னேன். நகலைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள். அவளுக்கு லத்தீனும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. சிலுவைக் குறியை மட்டும் விரலால் தொட்டாள்.

"அப்போ நீங்க வெள்ளைக்காரன் இல்லியா? கல்யாணத்தப்போ எங்கம்மா தெருவெல்லாம் சொல்லி வெச்சாங்களே! மாப்பிள்ள கருப்பா கீறாரேன்னு கேட்டவங்களுக்கு, வெயில்ல நிக்கிற வேலைன்னு சொன்னாங்க."

சிரித்ததில் மூச்சு வாங்கியது. முதுகைத் தடவிக்கொடுத்தேன். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"இத கமிட்டியில காட்டாதீங்க. இங்கிலீஷ்காரம்மா தாளு, பேரு, இதையெல்லாம் காட்டுங்க. இந்த ஒண்ண மட்டும் உள்ள வையுங்க. இன்னாசிராஜு இன்னா லத்தீன் படிச்சவனா? வாய மூடிக்கினு கையெழுத்து வாங்கிக்கினு வாங்க. எனக்கு வெள்ளைக்காரன் பக்கத்துல படுக்கணும்னு ஆசையா? என் புள்ள அங்க கீறான்."

இதை நான் இந்த நோட்டில் எழுதியதில்லை. எங்கள் மூத்தவன். அவனுக்கும் டேனியல் என்றுதான் பெயர் வைத்தோம். பதினொரு மாதம். 1972. கைக்குழந்தைகளை அப்போது கமிட்டிப் புத்தகத்தில் எழுதமாட்டார்கள். குழி வெட்டுகிறவன் கார்மடியின் கால்மாட்டில் தோண்டிக் கொடுத்தான். சிசிலியின் பழைய புடவையில் சுற்றிக்கொண்டுபோய் நான்தான் வைத்தேன். அவளைக் கல்லறைக்கு வர விடவில்லை. அந்தக் கால வழக்கம்.

"செய்றேன்" என்று அவளிடம் சொல்லவில்லை. "பார்க்கலாம்" என்றேன்.

செப்டம்பர் 17

கமிட்டிக்கு எல்லாத் தாள்களையும் கொடுத்துவிட்டேன். ஞானஸ்நான நகலையும் சேர்த்துத்தான்.

காரணத்தை எழுதுகிறேன். கார்மடிக்காவது சம்பளப் பட்டியல் இருக்கிறது, தழும்பு இருக்கிறது, சிலேட்டு இருக்கிறது. சவரிமுத்துவுக்கு இந்த உலகத்தில் அந்த ஒரு வரியைத் தவிர வேறு எழுத்து இல்லை. அந்தத் தாளை நான் பையிலேயே வைத்துக்கொண்டால், அவர் பேரப்பிள்ளையின் பிள்ளையே அவரை இரண்டாம் முறை புதைத்ததாக ஆகும். எங்கள் அப்பா செய்ததை நானும் செய்ய வேண்டுமா? மனுவில் தெளிவாக எழுதினேன்: நாங்கள் ரத்த வாரிசு அல்ல, ஞானமகனின் வம்சம், இந்தக் கல்லறையை ஆண்டுதோறும் பார்த்துவந்தவர்கள் நாங்கள் மட்டுமே, எங்கள் குழந்தை இங்கே இருக்கிறது, ஆகவே உரிமை எங்களுடையது. இதைவிட நியாயம் என்ன வேண்டும்?

நான் செய்தது சரி.

செப்டம்பர் 30

கமிட்டி நிராகரித்துவிட்டது. கடிதம் கொடுத்தார்கள். 'ரத்த வாரிசு அல்ல என்று மனுதாரரே ஒப்புக்கொண்டுள்ளதால்' என்று எழுதியிருக்கிறார்கள்.

பங்குச் சாமியாரைப் போய்ப் பார்த்தேன். கமிட்டி விஷயத்தில் தலையிட முடியாது என்றார். ஜெபிக்கிறேன் என்றார். ஜெபத்தை நானே செய்துகொள்வேன், கையெழுத்தைத்தான் கேட்டேன் என்றேன்.

அக்டோபர் 4

சிசிலியை ஆஸ்பத்திரியிலேயே வைத்திருக்கிறார்கள். மெஷினில் போட்டால் ரத்த அழுத்தம் இறங்கிவிடுகிறது. டாக்டர் என்னையும் ஜெசிந்தாவையும் வெளியே அழைத்துப் பேசினார். பேசியது எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை. ஜெசிந்தா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டில் ஊறவைத்த உளுந்து புளித்துப்போய்விட்டது. கொட்டினேன்.

அக்டோபர் 7

சிசிலி இன்று நன்றாகப் பேசினாள்.

"கையெழுத்து கெடச்சுதா?"

மீட்டிங் தள்ளிப்போயிருக்கிறது என்றேன்.

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தேழு வருடமாகப் பார்க்கிற முகம்.

"சரி. துண்ட எடுத்துடாதீங்க" என்றாள்.

ஒரு ஐஸ் கட்டி கேட்டாள். நர்ஸிடம் கேட்காமலே இரண்டு கொடுத்தேன்.

அக்டோபர் 11

சிசிலி.

அக்டோபர் 15

ஊருக்கு வெளியே, கமிட்டி வாங்கிப்போட்டிருக்கும் புதுக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். செம்மண். ஒரு மரம் இல்லை. பக்கத்தில் யாரோ ஒரு வாத்தியார், மறுபக்கம் இன்னும் காலி. பஸ்ஸில் போனால் இரண்டு மாற வேண்டும்.

இன்னாசிராஜ் வந்திருந்தான். பெட்டிக்குத் தோள் கொடுத்தான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு உடம்பில் சக்தி இல்லை. எல்லோரும் போன பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கையில் ஒட்டிய மண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"லாசரண்ணா, தப்பா நெனைக்காதீங்க. நீங்க அந்த ஒரு தாள மட்டும் குடுக்காம இருந்திருந்தா, கண்ண மூடிக்கினு கையெழுத்துப் போட்டிருப்பேன். அந்த இங்கிலீஷ்காரம்மா தாளு, பேரு, எல்லாம் பொருந்திச்சு. மத்தவங்க கிட்டயும் சொல்லி வெச்சிருந்தேன். நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்க. எழுத்துல வந்த பொறகு நான் இன்னா பண்ணுவேன்?"

தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினான். வாங்கிக் குடித்தேன்.

அக்டோபர் 21

ஜெசிந்தா ஏழாம் நாள் பூசைக்குப் பிறகு வீட்டுக்கு வரவில்லை. இன்று வந்தாள். அம்மாவின் புடவைகளை மடித்தாள். இன்னாசிராஜ் சொன்னது அவள் காதுக்கும் போயிருக்கிறது.

"அம்மா ஒங்ககிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு."

"அது பொய்யாகியிருக்கும்."

"ஆகட்டுமே! உங்க சவரிமுத்து தாத்தா ஒரு நாளும் கோச்சிக்கமாட்டாரு. புள்ளைக்கு எடம் வேணும்னு வெள்ளைக்காரன் பேரையே வாங்கிக்கினு வந்தவரு அவரு. அவருக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியல."

புடவைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஒன்றை மட்டும் கட்டில்மேல் வைத்துவிட்டுப் போனாள். மறந்து வைத்தாளா என்று தெரியவில்லை.

நான் செய்தது சரி. சவரிமுத்துவின் பெயர் இப்போது கமிட்டிப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது. நிராகரித்த பக்கத்தில் என்றாலும் ஏறியிருக்கிறது. நான் செய்தது சரி.

இன்று ரசம் வைத்தேன். உப்புப் போட மறந்துவிட்டேன். அப்படியே சாப்பிட்டேன்.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். விடிந்ததும் ஏரிக்கரையில் அருகம்புல் பிடுங்கினேன். குனிந்து எழுந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. குழாயடியில் உட்கார்ந்து வேரில் ஒரு பொட்டு மண் இல்லாமல் அலசினேன். இந்த வருடம் கட்டு பெரிதாக இருந்தது. இரண்டாகப் பிரித்தேன்.

முதலில் பஸ் ஏறிச் சிசிலியிடம் போனேன். ஜெசிந்தா எனக்கு முன்னமே வந்து மெழுகுவத்தி ஏற்றியிருந்தாள்.  நான் புல்லை வைத்தபோது, காற்றில் பறக்காமல் அதன்மேல் ஒரு கல்லை எடுத்து வைத்தாள்.

பிறகு கார்மடியிடம் போனேன். சங்கிலிக்கு வெளியே நின்று புல்லை உள்ளே வைத்தேன். பாதியைத் தலைமாட்டிலும், பாதியைக் கால்மாட்டிலும். கால்மாட்டுக்குக் கை சரியாக எட்டவில்லை. அங்கே மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்த இன்னாசிராஜ் பார்த்தான். பிள்ளையார் கோயிலா என்று கேட்கவில்லை. கால்மாட்டுப் புல்லைக் குச்சியால் நகர்த்திச் சரியான இடத்தில் வைத்தான். இடம் எது என்று நான்தான் காட்டினேன்.

தோளில் இருந்த துண்டை எடுத்துச் சங்கிலியில் இறுக்கிக் கட்டிவிட்டு வந்தேன்.

இனி நடக்க வேண்டியவை:

கமிட்டி அந்தப் பலகையைக் கழற்ற வேண்டும். புதுப் பலகையில் கார்மடிக்குக் கீழே, அவருடைய ஞானமகன் டேனியல், ஞானமகனைப் பெற்ற சவரிமுத்து, ஆரோக்கியம் என்ற பெயர்கள் இருக்க வேண்டும். சவரிமுத்து புல் வெட்டுகிறவர் என்பதையும் எழுத வேண்டும்.

பங்குச் சாமியார், கால்மாட்டில் ஒரு குழந்தை இருப்பதை அடக்கப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். சாட்சி நான். நான் இருக்கும்போதே செய்ய வேண்டும்.

இன்னாசிராஜ், அன்றைக்குக் குழிமேட்டில் என்னிடம் சொன்னதைக் கமிட்டிக் கூட்டத்தில் சொல்ல வேண்டும்.

மிஸஸ் ஹாலோவே, கார்மடியின் பதிவில் வாரிசு இல்லை என்ற இடத்தில் ஞானமகன் உண்டு என்று சேர்க்க வேண்டும். நான் எழுதுவேன். இந்த முறை ரிக்வெஸ்ட் என்று எழுதுவேன்.

புதுக் கல்லறைத் தோட்டத்தில் பதினான்கு வருடம் கழித்து அடுத்த ஆளுக்காகக் குழியைத் திறப்பார்கள். அப்போது சிசிலியின் எலும்புகளை எடுத்துவந்து கார்மடியின் கால்மாட்டில், டேனியல் பக்கத்தில் வைக்க வேண்டும். அதற்கு நான் இருக்கமாட்டேன். ஜெசிந்தா செய்ய வேண்டும். கட்டில்மேல் இருக்கும் புடவை அதற்குத்தான்.

என்னை எங்கே வைத்தாலும் சரி.

அதுவரை சங்கிலியில் கட்டியிருக்கும் துண்டை யாரும் எடுக்கக் கூடாது.